இறுக்கிக் கட்டிய இடுப்பு

முதல் பெட்டி கன்வேயரில் ஏறி வரும்போதே அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுகிறேன், படிக்க வேண்டும் என்று நினைப்பதில்லை, கண் தானாகப் போகிறது, கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்து, கே. சிவஞானம், அறந்தாங்கி, அதற்குக் கீழே ஒரு ஷார்ஜா நம்பர், சுற்றிலும் பிரவுன் டேப், டேப்புக்கு மேலே கயிறு, கயிற்றுக்கு மேலே மறுபடி டேப், வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து கட்டியிருப்பார்கள், ஒருத்தர் மூடியை அமுக்கிப் பிடித்திருப்பார், உள்ளே ஊறுகாயும் இட்லிப் பொடியும் இருக்கும், கருவாடு நிச்சயம் இருக்கிறது, வாசனை டேப்பைத் தாண்டி வருகிறது. நான் அதை வாங்கி உள்ளே தள்ளுகிறேன். உள்ளே இருட்டில் மொய்தீன் பாய் அதை வாங்கி அடுக்குகிறார். இரண்டு பேருமே முட்டி போட்டிருக்கிறோம், விமானத்தின் அடிவயிற்றில் யாரும் நிற்க முடியாது, மேலே பயணிகள் உட்காரும் தளம், அதற்குக் கீழே இந்தக் குகை, திருச்சி வெயில் காலையிலிருந்து தகரத்தை வாட்டி வைத்திருக்கிறது, மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தால் இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்து தலையை விட்ட மாதிரி இருக்கும், அப்படித்தான் முன்பெல்லாம் தோன்றும், இப்போது அதுவும் தோன்றுவதில்லை, சூடு என்றால் சூடு, அவ்வளவுதான். நூற்று எழுபத்தாறு. இரண்டாவது பெட்டி. எஸ். பாத்திமுத்து, பெரம்பலூர். நூற்று எழுபத்தாறு என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது நான் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் வார் ஒரு பக்கம் வெடித்திருந்தது, மாற்றலாமே என்று நினைத்தேன், என் மனதில் அந்த நேரத்தில் அது மட்டும்தான் இருந்தது.

மத்தியானம்தான் நடந்தது, சாப்பாட்டுக்கு முன்னால். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் காண்ட்ராக்ட் கம்பெனி டாக்டரை வரவழைக்கும், கேண்டீனுக்குப் பின்னால் உள்ள அறையில் மேஜை போட்டு உட்காருவார்கள், நாங்கள் வரிசையில் நிற்க வேண்டும், லோடர், ட்ராலி ஆள், துப்புரவு ஆள் எல்லாரும். நான் காலை விமானத்தை முடித்துவிட்டு அப்படியே போனேன், இடுப்பில் பெல்ட்டோடு. கம்பெனி கொடுத்த கறுப்பு பெல்ட், ஒரு சாண் அகலம், முதுகுப் பக்கம் உள்ளே பிளாஸ்டிக் பட்டைகள், தோளுக்கு இரண்டு வார், முன்னால் இழுத்து ஒட்டினால் வயிறு உள்ளே போய்விடும். டாக்டரம்மா பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார், இறக்கினார், மறுபடி அடித்தார், நூற்று எழுபத்தாறு என்றார். என் இடுப்பைப் பார்த்தார். "இதைக் கழட்டுங்க" என்றார். கழற்றினேன். "அங்க போய் உக்காருங்க, பேசாதீங்க, போன் பாக்காதீங்க" என்றார். உட்கார்ந்திருந்தேன், சுவரில் கை கழுவும் முறையைப் படமாக ஒட்டியிருந்தார்கள், ஏழு படம், ஏழாவது படத்தில் கைகளுக்கு மேல் நட்சத்திரம் வரைந்திருந்தது. மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். நூற்று நாற்பத்தெட்டு. "இப்பவும் அதிகம்தான், ஆனா அந்த அளவுக்கு இல்ல," என்றார். பிறகு ஒரு காரியம் செய்தார், அவர் ஏன் அவ்வளவு சிரமப்பட்டார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, வெளியே வரிசை நிற்கிறது, அவர் என்னைத் திரும்ப பெல்ட்டைப் போடச் சொல்லி, மூலையில் இருந்த தண்ணீர் கேனைத் தரையிலிருந்து மேஜைக்கு ஏற்றச் சொன்னார், ஏற்றினேன், அதைக் கீழே இறக்கச் சொன்னார், இறக்கினேன், நாலைந்து தடவை, உடனே கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். எண் திரும்ப மேலே போயிருந்தது, முதலில் பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

"வயித்தை இப்படி இறுக்கிக் கட்டினா உள்ளுக்குள்ள அழுத்தம் கூடும்ங்க," என்றார், "நீங்க தூக்கும்போது மூச்சைப் பிடிக்கிறீங்க, நான் பாத்தேன், ரெண்டும் சேந்தா ரத்த அழுத்தம் எகிறும், இதயம் கூடுதலா உழைக்கணும். பிரஷர் இல்லாத ஆளுக்கு பெரிசா ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு ஏற்கனவே இருக்கு. எத்தனை நேரம் போட்டிருப்பீங்க?" நான், டியூட்டி முழுக்க, என்றேன். சும்மா உட்காரும்போது கூடவா என்றார். கூட. "யாரு சொன்னா அப்படி?" யார் சொன்னார்கள் என்று எனக்கே தெரியவில்லை, போட்டுக்கொண்டு வா என்றார்கள், போட்டேன், எப்போது கழற்று என்று யாரும் சொல்லவில்லை. "முதுகு போயிடும்ங்க மேடம்," என்றேன். "முதுகை இது காப்பாத்தும்னு உறுதியா சொல்ல முடியாதுங்க. உங்க இதயத்துக்கு இது நல்லதில்லேங்கறதை மட்டும் உறுதியா சொல்றேன். சூப்பர்வைசர்ட்ட சொல்லுங்க. மாத்திரை எழுதறேன், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரி போய் ஒரு ஈசிஜி எடுங்க." சரி என்றேன். வெளியே வந்தேன். சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்டேன், கூட ஒரு அப்பளம் கேட்டு வாங்கினேன். மூன்று மணிக்கு ஏப்ரனில், விமானங்கள் நிற்கிற தளத்தில், விமானத்துக்குக் கீழே நின்றபோது சூப்பர்வைசர் குமரவேல் சார் வழக்கம்போல எங்கள் இடுப்பைப் பார்த்தார், செக்யூரிட்டி பாஸைப் பார்க்கிற மாதிரி அவர் இடுப்பைப் பார்ப்பார், பெல்ட் இருந்தால் ஏறு. என் இடுப்பில் இருந்தது. ஏறினேன். சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்தேனா என்று பார்க்கிறேன், அப்படியும் நினைக்கவில்லை, வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சூட்கேஸ், சூட்கேஸ், ஒரு பொம்மை போட்ட சின்ன பெட்டி, அது எடையே இல்லை, ஒரு கையால் தள்ளுகிறேன். பிறகு ஒரு பெட்டி, எடை தெரிகிறது, கன்வேயர் ரப்பர் அதன் கீழே நசுங்குகிறது. மூச்சைப் பிடிக்கிறேன், இழுக்கிறேன், வாசல் விளிம்பைத் தாண்டித் தூக்கி வைக்கிறேன். காதுக்குள் சத்தம். இது புதிதில்லை, வருஷக்கணக்காக இருக்கிறது, தூக்கி முடித்ததும் காதுக்குள் யாரோ ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி தொம் தொம்மென்று, பிறகு அடங்கும், விமான எஞ்சின் சத்தத்திலேயே வேலை செய்கிறவனுக்குக் காது அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன், இன்றைக்குத்தான் அது காது இல்லை, நெஞ்சு என்று தெரிகிறது. தெரிந்து என்ன. வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்திருக்கிறது, அதுவும் பெல்ட் இறுக்கினால் வருவது, கிள்ளினால் தெரியாது, ஒரு நாள் வீட்டில் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் அந்த இடத்தில் பட்டு, பிலோமி ஐயோ என்று கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தேன், தோல் கன்றியிருந்தது, எனக்கு அது யாரோ ஒருத்தருடைய தொடை மாதிரி இருந்தது. பிலோமி என் மனைவி. அவள்தான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் இந்த பெல்ட்டைத் துவைப்பாள், ஊற வைத்தால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், கொடியில் விரித்துக் காயப் போடுவாள், நான் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், என் இடுப்பு தனியாகத் தொங்குகிற மாதிரி இருக்கும், காய்ந்துவிட்டதா என்று எழுந்து தொட்டுப் பார்ப்பேன், ஈரமாக இருந்தால் ஒரு கவலை, திங்கட்கிழமை அது இல்லாமல் எப்படி என்று.

அந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியைத் திரும்பி வைக்கும்போது இடுப்பில் ஏதோ நழுவியது, சத்தம் கூட வரவில்லை, நழுவியது, நான் பெட்டிகளுக்கு மேல் குப்புறக் கிடந்தேன், என்னை வெளியே எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது, டிஸ்க் என்றார்கள், வீட்டில் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டே ஒரு மழைக்காலம் போனது, கக்கூசுக்குப் போக பிலோமி தோளைப் பிடிக்க வேண்டும். திரும்பி வந்தபோது எல்லாருக்கும் பெல்ட் வந்திருந்தது. முதல் நாள் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன், தூக்கினேன், ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் ஆகவில்லை, அதற்கப்புறம் என் முதுகு என்று ஒன்று இருப்பதையே நான் நம்பவில்லை, பெல்ட் இருக்கிறது, அது தூக்குகிறது, நான் அதற்குள் இருக்கிறேன். யாரையும் கை கொடு என்று கேட்டதில்லை, முப்பது கிலோ பெட்டியையும் ஒற்றை ஆளாக இழுத்து வைத்துவிடுவேன், கீழே நிற்கிற பையன்கள் சவரியண்ணனுக்கு மிஷின் இடுப்பு என்பார்கள். அது உள்ளுக்குள் பிடித்திருந்தது. இப்போது இந்த டாக்டரம்மா முதுகா நெஞ்சா என்கிறார், அப்படி அவர் கேட்கவில்லை, நானாக அப்படி ஆக்கிக்கொள்கிறேன், கழற்றினால் முதுகு, கழற்றாவிட்டால் நெஞ்சு, முதுகு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பாய், கூரை, பிலோமியின் தோள், நெஞ்சு போனால் என்ன ஆகும் என்று, அதையும் பார்த்திருக்கிறேன்.

ஞானாதிக்கம் அண்ணன். இதே மாதிரி ஒரு விமானம், போன தவக்காலத்தில், நான் பின்பக்க அறையில் இருந்தேன், அவர் முன்பக்கம். என்னைவிட மூத்தவர், இனாம்குளத்தூர் பக்கம், சட்டைக்குள் எப்போதும் ஜெபமாலை போட்டிருப்பார். பெட்டி ஏற்றி முடிந்தது, எல்லாரும் இறங்கிவிட்டோம், அவர் இறங்கவில்லை. களைத்துப் போய்ச் சாய்ந்திருக்கிறார் என்று நினைத்தார்கள், எல்லாரும் ஒரு நிமிஷம் அப்படிச் சாய்வதுதான். ஏறிப் பார்த்த பையன் சத்தம் போடவில்லை, தலையை வெளியே நீட்டி, இங்க வாங்களேன் என்று மட்டும் சொன்னான். நான்தான் உள்ளே போய் அவர் கையைப் பிடித்தேன். வியர்வை இருந்தது, சூடு இருந்தது, ஆள் இல்லை. அப்போது யாரோ முதலில் பெல்ட்டைக் கழட்டு என்றார்கள், நான் அதைப் பிடித்து இழுத்தேன், அந்த ஒட்டுப்பட்டை பிரிகிற சத்தம், சர்ரென்று, துணி கிழிகிற மாதிரி, தகரச் சுவர்களில் பட்டு எதிரொலித்தது. அவர் வயிறு மெல்ல வெளியே வந்தது. உயிர் வந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன், வயிறு தளர்ந்ததுதான். மாரடைப்பு என்றார்கள். பெல்ட்டால்தானா, வெயிலாலா, அவர் குடித்த பீடியாலா, யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. விமானம் தாமதமாகக் கிளம்பியது. நான் கை கழுவிவிட்டு அடுத்த விமானத்துக்குப் போனேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், அடக்கத்துக்குப் போனபோது வரும் என்று நினைத்தேன், குழிக்குள் ஒரு பிடி மண் போட்டேன், கையில் ஒட்டிய மண்ணை வேட்டியில் துடைத்தேன், அந்த வேட்டியை பிலோமி துவைத்தாள், வரவில்லை. அன்றிலிருந்து எதுவும் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மகள் மாசமாக இருப்பதாக போனில் சொன்னபோது கூட, நல்லது, உடம்பைப் பாத்துக்க என்றேன், போனை வைத்த பிறகு பிலோமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சவரி, என்னா தூங்கிட்டியா," என்கிறார் உள்ளேயிருந்து பாய். கன்வேயரில் மூன்று பெட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. இல்லை பாய் என்று தள்ளுகிறேன். மொய்தீன் பாயோடு ஒன்பது வருஷமாக இந்த இருட்டில் இருக்கிறேன், அவர் எப்போதும் உள் பக்கம், நான் எப்போதும் வாசல் பக்கம், அவரை முழுசாக வெளிச்சத்தில் பார்த்த நேரத்தைவிட அரைகுறை வெளிச்சத்தில் முட்டி போட்டுப் பார்த்த நேரம்தான் அதிகம். பேச்சு குறைவு. பெட்டி வருகிறது, போகிறது. அடுத்தது வருகிறது, அதைப் பார்த்ததுமே தெரிகிறது, இரண்டு அட்டைப்பெட்டியை ஒன்றாக்கிக் கட்டியது, எம். செல்லத்துரை, மணமேல்குடி, வாசல் விளிம்பில் வந்து நிற்கிறது, கன்வேயர் அதன் கீழே சும்மா சுற்றுகிறது. கையை வைக்கிறேன். மூச்சைப் பிடிக்கிறேன். நீங்க மூச்சைப் பிடிக்கிறீங்க, நான் பாத்தேன். விடுகிறேன். திரும்பக் கை வைக்கிறேன், மூச்சு தானாகப் பிடித்துக்கொள்கிறது, தொண்டையில் ஒரு மூடி விழுகிறது, வயிறு பெல்ட்டில் முட்டுகிறது, பெல்ட் திருப்பி முட்டுகிறது, காதில் தொம் தொம், இப்போது தூக்கக்கூட இல்லை, கை வைத்ததற்கே. நூற்று எழுபத்தாறு இப்போது எவ்வளவு ஆகியிருக்கும். இங்கே விழுந்தால் பாய்தான் என் பெல்ட்டைப் பிரிப்பார். அவர் விரல்கள் தடிமன், ஒட்டுப்பட்டையின் ஓரம் சட்டென்று கிடைக்காது, இருட்டில் தடவுவார். அந்தத் தடவலை நினைத்தேன். பயமாக இல்லை. சங்கடமாக இருந்தது, அவருக்கு அந்த வேலையை வைக்க வேண்டுமே என்று. என் கை பெட்டியிலிருந்து எழுந்து இடுப்புக்குப் போனது, பிரித்தது. அதே சத்தம். உள்ளே பாய் அடுக்குவதை நிறுத்தினார். தோள் வார்களைக் கழற்றி, பெல்ட்டைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தேன். வயிறு வெளியே வந்தது, ஈரப் பனியன் காற்றுப் பட்டுச் சில்லென்றது. முதுகு இருந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு அது இருந்தது, மெல்லிசாக, பழைய கதவு மாதிரி, நம்பிச் சாய முடியாத ஒன்றாக.

பெட்டி அங்கேயே நின்றது. கீழேயிருந்து குமரவேல் சார், "என்னண்ணே, சிக்கிக்கிச்சா," என்றார். இல்லை சார் என்றேன். தூக்க வேண்டும், தூக்க முடியாது, அதாவது தூக்கலாம், தூக்கக்கூடாது, அந்த இடத்தில் நினைப்பு போய் முட்டிக்கொண்டு நின்றது, கன்வேயர் மாதிரி சும்மா சுற்றிக்கொண்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை நான் இங்கே இதுவரை சொன்னதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சிஸ்டரிடம் கேட்கத் தெரியாமல் வகுப்பிலேயே நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது, பெஞ்சின் சூடு, பிறகு பெஞ்சின் குளிர்ச்சி. "பாய்," என்றேன். "இதுக்கு ஒரு கை குடுங்க." உள்ளே ஒரு பெட்டியைத் தள்ளி வைக்கிற சத்தம். பிறகு முட்டி தேய்கிற சத்தம், பாய் தவழ்ந்து வெளிச்சத்துக்கு வந்தார், பெட்டியைப் பார்த்தார், என் இடுப்பைப் பார்த்தார், சுவரோரம் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். அந்தப் பக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கினோம், எங்கள் தலைகள் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன, அவ்வளவு பக்கத்தில் அவர் மூச்சு கேட்டது, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி மெல்லிய விசில். நெற்றிப் பொட்டில் ஒரு நரம்பு புடைத்துத் துடித்தது. பெட்டியை உள்ளே வைத்த பிறகும் அது நிற்கவில்லை.

"என்ன பாய், இப்படி வாங்குது உங்களுக்கு."

"வெக்கை," என்றார்.

மீதிப் பெட்டிகளை அப்படியே முடித்தோம், கனமாக வந்தால் கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடக் கொஞ்சம் சுலபமாக இருந்தது, கொஞ்சம்தான், அவர் வந்தார். எல்லாம் ஏறியதும் பெட்டிகள் சரியாமலிருக்க வலை போட்டு மாட்டிவிட்டு இறங்கினோம், இறக்கையின் நிழலில் குமரவேல் சார் நின்றிருந்தார், முப்பது வயதுகூட ஆகாத பையன், வெயிலில் முகம் கறுத்து உதடு வெடித்திருந்தது. என் கையில் பெல்ட் சுருட்டி இருப்பதைப் பார்த்தார். "உள்ள போடாமயாண்ணே இருந்தீங்க?" என்றார். பாதியில் கழற்றினேன் என்றேன். ஏன் என்றார். அப்போது சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி, டாக்டரம்மா, தண்ணீர் கேன், நூற்று எழுபத்தாறு, நூற்று நாற்பத்தெட்டு, எல்லாவற்றையும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "எனக்குப் புரியுதுண்ணே. ஆனா பெல்ட் இல்லாம உள்ள விட எனக்கு உத்தரவு இல்ல. நாளைக்கு உங்களுக்கு முதுகு பிடிச்சுதுன்னா மேல என்னைக் கேப்பாங்க." நான், சரிதான் சார், என்றேன். "அப்ப நான் உள்ள போகல." அதைச் சொல்ல நினைத்திருக்கவில்லை, வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் விமானத்தின் சக்கரத்தைப் பார்த்தார். "வருகைப் பக்கம் ட்ராலிக்கு ஆள் கேக்கறாங்க. நாளையிலேர்ந்து அங்க போங்க. நான் சொல்லிக்கறேன். முதல்ல அந்த ஈசிஜியை எடுங்கண்ணே." அவ்வளவுதான். வருஷக்கணக்கான வேலை அந்த நிழலில் முடிந்தது, எனக்கு வருத்தமோ நிம்மதியோ வரவில்லை, தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருந்தது.

பாயும் நானும் நடந்தோம். ஏப்ரன் ஓரமாகப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும், பாய் என் பின்னால் வந்தார், வழக்கத்தைவிட மெதுவாக. "உனக்கு நூத்தி எழுவத்தாறா," என்றார் பின்னாலிருந்து. ஆமாம் என்றேன். ஒரு ட்ராலி வண்டி எங்களைக் கடந்து போனது. பிறகு, "எனக்குப் போன வருஷமே நூத்தித் தொண்ணூறு," என்றார்.

நான் நின்றேன். அவரும் நின்றார்.

"மாத்திரை?"

"போட்டேன். ஒரு மாசம். தலை சுத்துச்சு. உள்ள முட்டி போட்டுக்கிட்டு தலை சுத்துனா எப்படி. நிறுத்திட்டேன்."

"என்கிட்ட சொல்லலியே."

"உன்கிட்ட சொன்னா நீ என் பெட்டியையும் சேத்துத் தூக்குவே," என்றார், முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. "பெல்ட்டை நல்லா இறுக்கிக்கிட்டா தெம்பா இருக்குற மாதிரி இருந்துச்சு. வருஷமும் ஓடிப் போச்சு."

"இன்னிக்கு டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"லைன்ல நின்னேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்கச்சே டீ குடிக்கப் போயிட்டேன்."

நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். அவரை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை, சட்டை முழுக்க நனைந்திருந்தது. வாங்க, அவங்க இன்னும் கிளம்பியிருக்க மாட்டாங்க என்றேன். நாளைக்குப் பாத்துக்கலாம்பா என்றார், ஆனால் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கேண்டீனைத் தாண்டும்போது ஒரு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார், வெயிலிலிருந்து நிழலுக்கு வந்ததால் கண் இருட்டுகிறது என்றார், நான் எதுவும் பேசவில்லை, பேசினால் அவர் பதில் சொல்ல மூச்சு செலவழிப்பார் என்று தோன்றியது. டாக்டரம்மா பையை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என்னங்க என்றார், நான் பாயை முன்னால் தள்ளினேன். பெல்ட்டைக் கழட்டுங்க என்றார் உடனே. பாய் கழற்றினார், அவர் சட்டையில் பெல்ட்டின் அகலத்துக்கு ஒரு பட்டை, மற்ற இடங்களைவிடக் கறுப்பாக நனைந்திருந்தது. சட்டைக் கையைச் சுருட்டினார். அவர் மேல்கை வெளுப்பாக இருந்தது, குழந்தையின் கை மாதிரி, வெயிலே படாத தோல். காற்றடித்தார். இறங்குவதைப் பார்த்தார். மறு கையில் பட்டையை மாற்றிக் கட்டினார், மறுபடி பார்த்தார். எண்ணைச் சொல்லவில்லை. எனக்குச் சொன்ன மாதிரி சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை.

"நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டார்.

"இல்லேங்க," என்றார் பாய். பிறகு, "இடது தோள்ல கொஞ்சம். பெட்டி தூக்குனது," என்றார்.

டாக்டரம்மா அவரை நாற்காலியில் நன்றாகச் சாய்த்து உட்கார வைத்தார், எழுந்திருக்கக்கூடாது என்றார், நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தார், இன்னொன்றைக் கடித்து மென்று விழுங்கச் சொன்னார், வாசலில் நின்ற பையனிடம் ஆம்புலன்ஸை இந்தப் பக்கமே கொண்டுவரச் சொல் என்றார், எல்லாம் மெதுவான குரலில், ஒன்றுக்கப்புறம் ஒன்றாக. என் பக்கம் திரும்பி, "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க," என்றார், "வீட்டுக்குச் சொல்லிடுங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வரட்டும்." நான் போனை எடுத்தேன். ஒன்பது வருஷம், பாய் வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. வேண்டியிருந்ததே இல்லை, காலையில் வந்தால் அவர் இருப்பார். "நம்பர் சொல்லுங்க பாய்," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நாக்குக்கு அடியில் மாத்திரையோடு, குழறிக் குழறி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் அழுத்தினேன், தப்பாக அழுத்திவிட்டேன், அழித்தேன், இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன், அவர் சொன்னார், மறுபடி விரல் பக்கத்து எண்ணில் போய் விழுந்தது. போனை மேஜைமேல் வைத்து ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். மணி அடித்தது. ஒரு பெண் குரல், யாரு, என்றது, பின்னால் குக்கர் சத்தம், யாருங்க.

"நான் சவரிமுத்து பேசுறேம்மா. பாயோட வேலை பாக்குறவன்," என்றேன். "ஒண்ணும் பயப்படாதீங்க. பாய் நல்லாத்தான் இருக்காரு, என் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு." அதற்குமேல் சொல்ல வேண்டியது இருந்தது, ஆஸ்பத்திரி, எந்தப் பக்கம், எப்படி வருவது, வாயில் பக்கத்துலதான், பக்கத்துலதான் என்பது மட்டும்தான் வந்தது, அந்தம்மா சொல்லுங்க, சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, குடு, நான் பேசறேன், என்று கையை நீட்டினார்.